கால் பன்னியில் தோண்டியெடுத்த ரொட்டி கணக்கில் வருமா?

சாட்ஸ்வொர்த்துக்காரன்:
நம் தென்னாப்பிரிக்க டர்பன் கடைகளில் கால் ரொட்டியைத் தோண்டிக் கறி ஊற்றித் தருகிற கால் பன்னி சௌவைக் கல்லூரிப் பிள்ளைக்கு மதியத்தில் வாங்கிக் கொடுப்பதும் ஐந்து துண்டு வெள்ளை ரொட்டியை ஊட்டுவதும் ஒன்றுதான் என்று டொங்காட் மருமகள் நேற்று எழுதியிருக்கிறார். நாற்பது ஆண்டுகளாகப் பன்னி தின்று வளர்ந்தவன் கேட்கிறேன்: நடுவைத் தோண்டியெடுத்த பிறகுதானே கறியை ஊற்றுகிறார்கள்? தோண்டியதை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள், அம்மா?

டொங்காட் மருமகள்:
தோண்டியதைக் கடைக்காரர் குப்பையில் போடுவதில்லை, அண்ணா. கறியின் மேல் மூடியாக வைத்துத்தான் தாளில் சுற்றித் தருகிறார். பிள்ளைகள் முதலில் குழம்பில் தோய்த்துத் தின்பதும் அதைத்தான். 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு 175 கிராம், அதுவே 400 கலோரியைத் தாண்டிவிடும். நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கரண்டி கேரட் சம்பலை (துருவிய பச்சடியை) வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை எப்படி நிரப்புவீர்கள்?

சாட்ஸ்வொர்த்துக்காரன்:
என் மகன் மூடியைத் தின்பதில்லை. எனவே ஐந்து துண்டு என்பது பொய். மேலும், கோதுமையில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு சுகர் பீன்ஸ் என்னும் பயற்றில் தாராளமாக இருப்பதால், பீன்ஸ் கறியும் ரொட்டியும் சேர்ந்தால் முழுமையான புரதம் கிடைக்கிறது. 2003 அக்டோபரிலிருந்து இந்நாட்டு ரொட்டி மாவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சட்டப்படி சேர்க்கப்படுகின்றன என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

பீனிக்ஸ் பையன்:
மாமா, பன்னி தின்கிற வயதில் இருப்பவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது, என்னை யாரும் கேட்கவில்லை. பன்னியோடு வாங்கும் 330 மில்லிலிட்டர் கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. 2018 ஏப்ரலிலிருந்து அதற்கு அரசாங்கமே வரி போடுகிறது; நீங்களோ மூடியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். சாட்ஸ்வொர்த் கடைகளில் குழம்பு தண்ணீராக இருப்பதால்தான் உங்கள் மகனுக்கு மூடி தேவைப்படுவதில்லை என்று நினைக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்துக்காரன்:
தம்பி, சென்ற புரட்டாசியில் விரதச் சாப்பாட்டைப் பற்றி நீ எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் மறக்கவில்லை. எங்கள் குழம்பைத் தண்ணீர் என்று சொல்ல பீனிக்ஸ்காரருக்கு என்ன தகுதி? மூடி கணக்கில் வராது. அவ்வளவுதான்.

நேட்டால் கிழவர்:
சென்னையிலிருந்து வந்த உறவுப் பெண்ணிடம் "பன்னி சாப்பிடுகிறாயா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்தவன் நான். பெயரும் நம்முடையதன்று, டர்பன் கிரே தெருவின் பனியாக்களை, அதாவது குஜராத்தி வணிகர்களை, வைத்து வந்தது என்கிறார்கள். 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கொல்லையில் முருங்கையை வைத்துக்கொண்டு கடை ரொட்டிக்குச் சண்டையிடுகிறீர்கள். ஆடிக் கூழுக்கு மட்டும் கோயிலில் வரிசையில் நிற்கிறீர்கள்.

சாட்ஸ்வொர்த்துக்காரன்:
பெரியவரே, பனியா கதையை எத்தனை முறை சொல்வீர்கள்? அது வேறு வழக்கு. இங்கே கேள்வி மூடியைப் பற்றியது.

டொங்காட் மருமகள்:
என் கேள்வி மூடியைப் பற்றியதன்று. பதினாறு வயது மகள் காலையில் ஒன்றும் தின்னாமல் போய், மதியம் பன்னியும் பால் தேநீருமாக ஓராண்டு ஓட்டினாள். ஒருநாள் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். சோதித்த மருத்துவர் இரும்புச்சத்து போதவில்லை என்றார். அந்த வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்பு தேவை, பையனுக்கு 11 போதும். தேநீரின் துவர்ப்புப் பொருளான டானின், பயற்றிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. எலுமிச்சையோ தக்காளியோ அதைச் சேர உதவுகிறது. இப்போது தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறேன், தட்டில் கீரை வைக்கிறேன். உங்கள் சட்ட ரொட்டியை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சாட்ஸ்வொர்த்துக்காரன்:
பிள்ளை நலமாக இருக்கட்டும். ஆனால் குற்றவாளி தேநீர் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பன்னி அன்று. இன்று மாலை கால் பன்னி ஒன்று வாங்கி, வீட்டுத் தராசில் மூடியை எடை போட்டேன்: 48 கிராம். 175இல் கழித்தால் 127. எங்கே உங்கள் ஐந்து துண்டு?

பீனிக்ஸ் பையன்:
குழம்பு ஊறிய பிறகு போட்டீர்களா, ஊறுவதற்கு முன்பா?

டொங்காட் மருமகள்:
எடை போட்ட மூடியை யார் தின்றது, அண்ணா?

சாட்ஸ்வொர்த்துக்காரன்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?