டைக்ளோஃபெனாக் மீட்பு 30%, மெட்ஃபார்மின் பூஜ்யம்: எங்கே இழக்கிறேன்?

கேள்வி:
கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேற்ற நீர், 500 மி.லி., பி.எச் 7.6. டைக்ளோஃபெனாக் (வலிநிவாரணி), மெட்ஃபார்மின் (நீரிழிவு மருந்து), கார்பமசெபின் (வலிப்பு மருந்து) கலவையைத் தெரிந்த அளவில் சேர்த்து, 0.7 மைக்ரான் கண்ணாடியிழைத் தாளில் வடிகட்டுகிறேன். மருந்தைப் பிடித்துவைக்கும் இரண்டு கார்ட்ரிட்ஜ்களை (சிறு குழாய்கள்), மேலே 200 மி.கி. எச்.எல்.பி பாலிமர் (நீரையும் எண்ணெய்த்தன்மையையும் ஒருங்கே ஈர்ப்பது), கீழே 250 மி.கி. கிராஃபைட் கார்பன் என அடுக்கி, நீரை அவற்றின் வழியே ஏற்றுகிறேன். பிரிக்காமலே 8 மி.லி. மெத்தனால் விட்டு இறக்கி, நைட்ரஜனில் உலர்த்தி எல்.சி-எம்.எஸ்-இல் (திரவ நிறப்பிரிகையோடு நிறைமானி) பார்க்கிறேன். சேர்த்ததில் திரும்பக் கிடைத்தது: கார்பமசெபின் 85%, டைக்ளோஃபெனாக் 30%. மெட்ஃபார்மின் தெரிவதே இல்லை. கார்பனைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்:
கூட்டாதீங்க, இன்னும் குறையும். பாலிமரிலிருந்து மெத்தனால் கழற்றிக் கொண்டுவரும் டைக்ளோஃபெனாக்கை கீழே இருக்கும் கார்பன் பிடித்துக்கொள்கிறது. பி.எச் 7.6-இல் டைக்ளோஃபெனாக் எதிர்மின் அயனி. கிராஃபைட் கார்பனில் நேர்மின் இடங்களும் உண்டு, வெறும் மெத்தனாலுக்கு அசையாது.

ஏற்றி முடித்ததும் இரண்டையும் பிரிச்சிடுங்க. பாலிமருக்கு 4 மி.லி. மெத்தனால், இரண்டு தடவை. கார்பனைத் தலைகீழாகத் திருப்பி, டைகுளோரோமீத்தேன்–மெத்தனால் 8:2 கலவையில் சிறிது ஃபார்மிக் அமிலம் சேர்த்து இறக்குங்க. தலைகீழாக விட்டால்தான் மேற்பகுதியில் ஒட்டியது முழுப் படுகையையும் கடக்காமல் வெளியேறும்.

அதற்கு முன் ஒரு சோதனை: மருந்து சேர்க்காத அதே நீரைப் பிரித்தெடுத்து, கடைசிக் கரைசலில் மருந்தைச் சேர்த்துப் பாருங்க. தூய கரைப்பானில் வருவதைவிட சிக்னல் பாதியாக இருந்தால், அந்தப் பாதி இழப்பு கார்ட்ரிட்ஜில் இல்லை, அயனியாக்கம் அடங்குவதில்தான் (கூடவே வரும் பிற பொருட்கள் கருவியில் மருந்து அயனியாவதைத் தடுக்கின்றன). ஐசோடோப் குறியிட்ட (கனமான அணுக்கள் கொண்ட) டைக்ளோஃபெனாக்கை ஒப்பீட்டுக்காக ஏற்றுவதற்கு முன்பே சேர்ப்பதுதான் தீர்வு.

கேட்டவர்:
நீரை பி.எச் 2-க்கு இறக்கி ஏற்றலாமா?

பதில்:
பாலிமர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஹியூமிக் அமிலமும் (மக்கிய பொருட்களின் பழுப்புக் கூறு) கூடவே வரும். கரைசல் தேநீர் நிறமாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், அமிலத்தில் டைக்ளோஃபெனாக் மெல்ல ஒரு நீர் மூலக்கூறை இழந்து லாக்டமாக (வளைய அமைப்புள்ள வேறொரு சேர்மமாக) மாறும். நிறை 18 குறைந்த உச்சி தெரிகிறதா பாருங்க. பி.எச் 3 போதும். ஏற்றுவதற்குச் சற்று முன்புதான் அமிலம். ஏற்றிய பின் 5 மி.லி. தூய நீரில் கழுவி அமிலத்தை நீக்குங்க. ஃபார்மிக் அமிலம் சேர்ந்த கரைசலை முழுக்க உலர்த்தாதீங்க, 0.5 மி.லி.யில் நிறுத்துங்க.

மெட்ஃபார்மினை இதோடு சேர்க்கவே வேண்டாம். அதன் பி.கே.ஏ (பாதி மூலக்கூறுகள் மின்னூட்டம் இழக்கும் பி.எச்) 12-க்கு மேல், பி.எச் எப்படி மாற்றினாலும் எச்.எல்.பி-யில் நிற்காது. தனி மாதிரியாக பி.எச் 7-இல் வலுக்குறைந்த நேரயனிப் பரிமாற்றப் பாலிமரில் ஏற்றி, 2% ஃபார்மிக் அமிலம் கலந்த மெத்தனாலில் இறக்குங்க. அமிலம் பாலிமரின் கார்பாக்ஸில் குழுக்களின் மின்னூட்டத்தை நீக்கிவிடும், மெட்ஃபார்மின் விடுபடும்.