கோபம் வரும்போது மூச்சை இழுத்து விட்டால் உண்மையிலேயே அடங்குகிறதா?

மழைத்துளி:
மகளுக்கு நாலு வயது, மகனுக்கு எட்டு மாதம். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம்தான் எனக்குச் சோதனை. செருப்பை மாட்டு என்றால் ஒரு காலில் மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தூக்கி எறிவாள், இடுப்பில் சின்னவன் அழுதுகொண்டிருப்பான், மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரல் எங்கேயோ போய்விடுகிறது. நேற்று நான் கத்தியதில் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு சுவரோரமாக ஒட்டி நின்றாள். அது கண்ணை விட்டுப் போகவே இல்லை. ஆழமாக மூச்சு இழு என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தேன், அடுத்த நொடி முன்பைவிடச் சத்தமாகத்தான் கத்தினேன். யாருக்காவது இது பலன் தந்திருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

இருபிள்ளை அப்பா:
இழுப்பதில் ஆரம்பிக்காதீர்கள், விடுவதில் ஆரம்பியுங்கள். கத்தப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொள்வார், நீங்கள் செய்ததும் அதுதான். மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். மெதுவாக மூச்சு விட்டபடி மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் பலருக்குத் தெரியும். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் என்கிற நரம்பு இதயத்தின் வேகத்தைத் தணிக்கிறது. அதனால் முதலில் உள்ளே இருப்பதை வாய் வழியாக, சூடானதை ஊதி ஆற்றுகிற மாதிரி விட்டுவிடுங்கள். அப்புறம் மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை விடுங்கள். மூன்று முறை செய்தால் அரை நிமிடம்தான் ஆகும்.

ஆனால் கோபம் வந்த பிறகு மட்டும் செய்தால் கை கொடுக்காது. பிள்ளைகள் தூங்கிய பிறகு தினமும் ஐந்து நிமிடம் செய்து பழகினேன், மூன்று வாரம் கழித்துத்தான் சண்டை நேரத்தில் அது தானாக நினைவுக்கு வந்தது. கோபம் இப்போதும் வருகிறது. வாயைத் திறப்பதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது, எனக்கு அதுவே பெரிய விஷயம்.

செவிலியர் அக்கா:
மேலே சொன்னது சரி. வேகமாகவும் பெரிதாகவும் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், அதனால் மெதுவாகத்தான் செய்ய வேண்டும். தோள் மேலே ஏறாமல் வயிறு லேசாக எழுந்தால் சரியாக வருகிறது என்று அர்த்தம். எண்ணப் பொறுமை இல்லாத நேரத்துக்கு ஒன்று சொல்கிறேன்: மூக்கால் ஒரு மூச்சு, விடாமல் அதன் மேலேயே இன்னொரு குட்டி மூச்சு, அப்புறம் வாயால் நீளமாக விடுவது. அழுது ஓய்ந்த குழந்தை தேம்பித் தேம்பி மூச்சு வாங்குமே, ஏறக்குறைய அதுதான். ஸ்டான்போர்ட் ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இதைத் தினமும் 5 நிமிடம் என ஒரு மாதம் செய்தவர்களுக்குத் தியானம் செய்தவர்களைவிட மனநிலை அதிகம் மேம்பட்டிருந்தது.

மூச்சுக்கு முன்னால் உடம்பையும் கவனியுங்கள். எனக்குப் பல் கடிப்பதில் ஆரம்பிக்கும், உங்களுக்கு வேறு எங்கேயாவது இருக்கும். அது தெரிந்த உடனே மூச்சை விடுங்கள், குரல் ஏறும் வரை காத்திருக்க வேண்டாம்.

விடியற்காலை:
மழைத்துளி, எட்டு மாதக் குழந்தை இருக்கிறது என்றால் நீங்கள் சரியாகத் தூங்கியே பல மாதம் ஆகியிருக்கும், அதைக் கணக்கில் எடுக்காமல் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். மூச்சால் அடங்காத நாளும் வரும். அப்போது சின்னவனைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, பெரியவளுக்கும் அங்கே ஆபத்து ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, அடுத்த அறையில் இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள். குழந்தை அந்த நேரம் அழுதால் பரவாயில்லை, எவ்வளவு கோபம் வந்தாலும் பிடித்துக் குலுக்க மட்டும் கூடாது. எரிச்சலோ அழுகையோ இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வு சிலருக்குக் கோபமாகத்தான் வெளிப்படும்.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை செருப்பு பறந்த உடனே கீழே உட்கார்ந்து வாயால் ஊதினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள், என்ன ஊதுகிறாய் என்று கேட்டாள், அப்புறம் அவளும் கன்னத்தை உப்பி ஊதினாள். செருப்பு மாட்ட மேலும் ஐந்து நிமிடம் ஆனது, ஆனால் நான் கத்தவில்லை. நேற்று கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். டாக்டரிடமும் பேசப் போகிறேன், அழுகை அடிக்கடி வருகிறது.