அடுத்த தொற்று வந்தால் கதவைச் சாத்திக்கொள்வதா, திறந்து வைப்பதா?

ஒற்றையடிப்பாதை:
2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னபோது என் வீட்டில் நான்கு நாளைக்கான சாமான் இருந்தது. 2023 மே 5 அன்று உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று அதே நிறுவனம் அறிவித்தபோது, நாற்பது நாள் வெளியே போகாமல் ஓட்டும் அளவுக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. தானியம், உலர்ந்த பயறு, தண்ணீர் டிரம், இரண்டு மாத மாத்திரை, பேட்டரி ரேடியோ. குழாய்க்கு வாஷர் மாற்றவும், கிழிந்ததைத் தைக்கவும், என் தலைமுடியை நானே வெட்டவும் கற்றுக்கொண்டேன் (கடைசியைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்).

அடுத்த தொற்று எப்போது, எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன், அவ்வளவுதான். சமூக ஆதரவு, அக்கம்பக்கம் என்பதெல்லாம் பேச நன்றாக இருக்கும். முதல் வாரம் தட்டு தட்டாக உதவி வரும், மூன்றாவது மாதம் போனை எடுக்க ஆள் இருக்காது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள், பேசுவோம்.

வாசல்விளக்கு:
வந்துவிட்டேன்.

சார், உங்கள் திட்டம் முழுக்க நீங்கள் நடமாடிக்கொண்டிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் அலமாரியும் நிறைந்துதான் இருந்தது. நான்காம் நாள், குழாயடியிலிருந்து அடுப்புக்கு அரைப் பானைத் தண்ணீரைத் தூக்க முடியவில்லை. பானையைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று நினைவில்லை.

கீழ்வீட்டு அம்மாவிடம் அதுவரை நான்கு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. வெட்கத்தை விட்டு அவருக்குச் செய்தி அனுப்பினேன். அரைமணியில் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே சூடான கஞ்சி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ஒரு துண்டுச் சீட்டு. "குடித்ததும் ஒரு மிஸ்டு கால். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. வராவிட்டால் கதவைத் தட்டுவேன், திறக்காவிட்டால் உடைக்கச் சொல்வேன்." பதினோரு நாள் அப்படிப் போனது. பேச்சே கிடையாது, மிஸ்டு கால் மட்டும்தான். ஒருநாள் மறந்து தூங்கிவிட்டேன், சொன்னபடியே தட்டினார்.

நாற்பது நாள் சாமான் வைத்திருக்கிறீர்கள், நல்லது. ராத்திரி நீங்கள் எழுந்திருக்கவில்லை என்று அந்த டிரம்முக்கா தெரியும்?

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சியை ஓரம் வைத்துவிட்டு கொஞ்சம் எண்களைப் பார்ப்போம். தன்னிறைவு என்றதும் எல்லோரும் மாடியில் நாலு தொட்டி வைக்கிறார்கள். பேரிடர் முகாம்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் திட்டமிடும் அளவு 2100 கலோரி. நூறு கிராம் தக்காளியில் இருப்பது ஏறக்குறைய 18 கலோரி. தக்காளியை மட்டுமே நம்பினால் தினம் பதினொன்றரை கிலோ தின்ன வேண்டும். உருளைக்கிழங்கு பரவாயில்லை, 2.7 கிலோ போதும், வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு டன். சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ விளைகிறது என்று தாராளமாகவே வைத்தாலும் ஒரு ஆளுக்கு 400 சதுர மீட்டர் வேண்டும். நாலு பேர் குடும்பம் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சுமார் இரண்டு கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன. நாட்டின் புதுக் காய்கறியில் 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்ததாக மதிப்பிடுகிறார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் அது காய்கறி. தானியம் அப்போதும் வயலில் விளைந்து ரயிலேறித்தான் வந்தது. உங்கள் டிரம்மும் ரேடியோ பேட்டரியும்கூட யாரோ செய்தவைதானே?

இன்னொன்று. எல்லோரும் உங்களைப் போலச் சேர்த்தால் கடை காலியாகும். 2020-இல் டாய்லெட் பேப்பர் கதை தெரியும்தானே.

ஒற்றையடிப்பாதை:
கணக்கு சார், தோட்டத்தில் வயிறு நிறையும் என்று நான் எங்கே சொன்னேன்? தொட்டி வைத்தது பொழுதுபோக.

டாய்லெட் பேப்பர் கதையையும் பாதிதான் சொல்கிறீர்கள். பதற்றத்தில் வாங்கிக் குவித்தது ஒரு காரணம். அதோடு, அலுவலகத்திலும் பள்ளியிலும் பயன்படுத்த வேண்டியதை மக்கள் திடீரென வீட்டில் பயன்படுத்தினார்கள். அலுவலகங்களுக்குப் போகும் பெரிய உருளை வேறு, வீட்டுக்கு வரும் உருளை வேறு. ஒன்றைச் செய்யும் இயந்திரத்தில் மற்றதை ஒரே நாளில் செய்ய முடியாது. நெருக்கடியில் அள்ளுவது பதுக்கல். சாதாரண நாளில் மாதம் ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்துப் பயன்படுத்துவது சேமிப்பு. அப்படிச் செய்தவன் நெருக்கடியில் வரிசைக்கே வரமாட்டான். அவன் இடம் இல்லாதவனுக்குப் போகும். அதுவும் சமூக உதவிதான், கைதட்டல் கிடைக்காது.

விளக்கு அக்கா, உங்கள் கீழ்வீட்டு அம்மாவை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. என் கதையையும் கேளுங்கள். எனக்குத் தொற்று உறுதியானதும் பொறுப்பான மனிதன் என்று நினைத்துக்கொண்டு குடியிருப்புக் குழுவில் நானே எழுதிப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அது எனக்குச் சம்பந்தமே இல்லாத நான்கு குழுக்களுக்குப் போயிருந்தது, கதவு எண்ணோடு. சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்கவில்லை. "லிஃப்ட் பட்டனைத் தொட்டீர்களா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். டெலிவரி ஆளை மேலே விடக்கூடாது என்று வாசலில் சொல்லி வைத்தார்கள். பொட்டலம் கீழேயே கிடந்தது. எடுக்க நான் இறங்கக் கூடாது, ஏற்றவும் யாரும் வரமாட்டார்கள். குணமான பிறகும் ஒரு மாதம், நான் படியில் இறங்கினால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நின்றார்.

நாற்பது நாள் சாமான் அப்போதுதான் சேர ஆரம்பித்தது. இது தத்துவமெல்லாம் இல்லை, பட்டது.

பழையபடி:
எங்கள் குழு பரவாயில்லை போல. காலையில் வணக்கப் படம், மத்தியானம் வதந்தி, ராத்திரி அந்த வதந்திக்கு மறுப்பு. மறுப்பைப் போடுவதும் வதந்தி போட்ட அதே ஆள்தான்.

இரவுப்பணி_செவிலி:
நான் வார்டில் வேலை செய்தவள். இரண்டு பக்கத்துக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

ஒற்றையடி அண்ணா, உங்களுக்கு நடந்தது தப்பு. ஒருவரின் நோய்த்தகவல் குழுவில் சுற்றக் கூடாது. அப்படிச் சுற்றியதால்தான் பலர் காய்ச்சலை மறைத்தார்கள். மறைத்தவர்கள் எங்களிடம் தாமதமாக வந்தார்கள். அந்தத் தாமதத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத மனமில்லை.

ஆனாலும் தனியாகச் சமாளிப்பேன் என்பது இந்த நோயில் குறிப்பாக ஆபத்து. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியும் சிலருக்கு மூச்சுத் திணறலே தெரியவில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள், ஆக்சிஜன் அளக்கும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் எண் 90-க்கும் கீழே. அந்தக் கருவியும் கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும், நகப்பூச்சு இருந்தாலும் தடுமாறும். எண்ணை மட்டும் நம்ப முடியாது, ஆளையும் பார்க்க வேண்டும். பேச்சு குழறுகிறதா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறதா, உதடு நீலம் பாய்கிறதா? தான் குழம்புகிறோம் என்பது குழம்புகிறவருக்குத் தெரியாது. அதைக் கவனிக்க வெளியிலிருந்து ஒருவர் வேண்டும், போனிலாவது.

சாமான் பட்டியலில் இதையும் சேருங்கள்: ஒரு வெப்பமானி. உப்புச்சர்க்கரைப் பொட்டலம் தீர்ந்துபோனால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

வாசல்விளக்கு:
செவிலி சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒற்றையடி சாருக்கு மட்டும் ஒன்று.

இங்கிலாந்தில் டார்பிஷையரில் ஈம் என்று ஒரு கிராமம். 1665-இல் அங்கே பிளேக் புகுந்தது. அடுத்த வருடக் கோடையில் ஊரே சேர்ந்து தன்னைத் தானே சாத்திக்கொண்டது. யாரும் வெளியே போவதில்லை, யாரும் உள்ளே வருவதில்லை. ஊர் எல்லையில் ஒரு கல், அதில் குழிகள். குழியில் வினிகர் ஊற்றி அதற்குள் காசைப் போட்டு வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் சாமானை வைத்துவிட்டு அந்தக் காசை எடுத்துப் போவார்கள். டெவன்ஷையர் பிரபுவும் உணவு அனுப்பினார். பதினான்கு மாதத்தில் ஏறக்குறைய 260 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் கதவைச் சாத்தியது தங்களைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை, பக்கத்து ஊர்களுக்காக. சாத்திய கதவுக்கு வெளியே ஆள் இருந்ததால்தான் அவ்வளவு நாள் சாத்தியே வைக்க முடிந்தது.

ஒற்றையடிப்பாதை:
நல்ல கதை. ஆனால் வெளியிலிருந்து வந்தவன் கல்லைத் தாண்டவில்லை, கவனித்தீர்களா? உள்ளே இருந்தவனை அவன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. சாமான், காசு, வினிகர். எனக்கும் வேண்டியது அந்தக் கல்தான். எனக்குக் கிடைத்தது கல் இல்லை, கூட்டம்.

கணக்குப்பிள்ளை:
இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் கல் ஒரு விதி. எங்கே வைப்பது, எப்படிக் கொடுப்பது, யார் எதுவரை வரலாம் என்று பேசி முடிவு செய்திருக்கிறார்கள். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் வாழ்நாள் முழுக்க இதைத்தான் ஆராய்ந்தார். பொதுவான மேய்ச்சல் நிலத்தையும் பாசனத் தண்ணீரையும் மீன்வளத்தையும் மக்கள் தாங்களாகவே பாழாக்காமல் பார்த்துக்கொண்ட இடங்கள் எத்தனையோ. அங்கெல்லாம் யார் உள்ளே, யாருக்கு எவ்வளவு, மீறினால் என்ன என்பது தெளிவாக இருந்தது. நல்ல மனசை மட்டும் நம்பிய ஏற்பாடு நிற்காது.

2020 மார்ச்சில் பிரிட்டனில் சுகாதாரத் துறைக்கு உதவத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றார்கள். சில நாளில் ஏழரை லட்சம் பேர் பதிவு செய்தார்கள். தொடக்கத்தில் பலருக்கு வேலையே வரவில்லை. கொடுக்கத் தயாராக ஆள் இருந்தது, யாருக்கு என்ன தேவை என்பது வந்து சேரவில்லை.

என் யோசனை சின்னது. ஐம்பது வீட்டுக் குழு வேண்டாம், ஐந்து வீடு போதும். ஐந்து பேரின் மாத்திரைப் பெயர், மருத்துவர் எண், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பது ஒரே ஒருவரிடம், காகிதத்தில். குழுவில் போடக் கூடாது. பணம் சேர்த்தால் கணக்கு வாராவாரம் ஐந்து பேருக்கும். சாமான் வாங்கிவரும் வேலை இரண்டு வாரத்துக்கு ஒருவராகச் சுற்றி வர வேண்டும், அப்போதுதான் மூன்றாவது மாதம் போனை எடுக்க ஆள் இருக்கும்.

பழையபடி:
ஐந்து ஐந்தாகச் சேர்ந்தால் ஆறாவது வீடு ஒன்று மிஞ்சும். யாருக்கும் பிடிக்காத வீடு. சண்டைக்காரர், கடன் வாங்கித் தராதவர், பேசவே பேசாதவர். அவரை எந்த ஐந்தில் சேர்ப்பது? கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

ஒற்றையடிப்பாதை:
அந்த ஆறாவது வீடு நான்தான், தம்பி.

கணக்குப்பிள்ளை:
இதற்கு என்னிடம் விதி இல்லை.

வாசல்விளக்கு:
என்னிடமும் இல்லை. நானும் கீழ்வீட்டு அம்மாவுக்கு ஆறாவது வீடுதான், நான்கு வார்த்தை பேசிய ஆள். எனக்கு அன்றைக்குக் கேட்க முடிந்தது, அவ்வளவுதான். தூக்க முடியாத பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மானம் கொஞ்சம் தளர்ந்துவிடும் போல. சார், உங்கள் வீட்டுக்கு இரண்டாவது சாவி இருக்கிறதா? யாரிடம்?

ஒற்றையடிப்பாதை:
இருக்கிறது. அலமாரியில், டிரம்முக்கு மேல்.

பழையபடி:
உள்ளேயேவா?

ஒற்றையடிப்பாதை:
சிரிக்காதீர்கள். கொடுக்க ஆள் இல்லாமல்தான் உள்ளே இருக்கிறது. லிஃப்ட் பட்டன் ஆட்களிடம் கொடுக்கச் சொல்கிறீர்களா?

இரவுப்பணி_செவிலி:
சாவி வேண்டாம் அண்ணா, அது பெரிய முடிவு. மாத்திரைப் பட்டியலையாவது எழுதி வையுங்கள். என்ன மாத்திரை, எவ்வளவு, எது ஒத்துக்கொள்ளாது. பேச முடியாத நிலையில் ஆளைக் கொண்டுவரும்போது நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான். அப்புறம் அக்கா சொன்ன மாதிரி மிஸ்டு கால். அது ஊரில் உள்ளவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பழைய சிநேகிதர் யாராவது, எங்கே இருந்தாலும் சரி.

ஒற்றையடிப்பாதை:
பட்டியல் எழுதியாயிற்று, பெரிய எழுத்தில். அது பரவாயில்லை, நியாயமான யோசனை. கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

மிஸ்டு காலுக்கு ஒருவர் இருக்கிறார். கூடப் படித்தவன், ஏழு வருடமாகப் பேசவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வாசல்விளக்கு:
ஒன்றும் சொல்ல வேண்டாம் சார். மிஸ்டு காலில் பேச்சே கிடையாதே.