350 இன்ஜினுக்கு 600 போதுமாம், கேட்டுக்கொள்ளுங்கள்!

நான்குகுழல்:
வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பற்றிய இழையில் நேற்று ஹூஸ்டன் மாமா எழுதிவைத்திருப்பது இது: "தெருவில் ஓடும் 350 கன அங்குல இன்ஜினுக்கு, நிமிடத்துக்கு 600 கன அடிக்கு மேல் காற்று விடும் கார்புரேட்டர் வைப்பது வெறும் ஜம்பம். பெருக்கத் தெரிந்தவனுக்கு இது புரியும்." படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எனக்கும் பெருக்கத் தெரியும் மாமா, வரலாறும் தெரியும். 1970இல் செவர்லே தன் எல்டி-1 இன்ஜினில் வைத்தது ஹாலி 780 கார்புரேட்டர். அதுவும் 350 கன அங்குலம்தான். அடியில் இருந்தது, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் அலுமினிய இரட்டைத் தள மேனிஃபோல்டு. டெட்ராய்ட் பொறியாளர்களுக்கு வாய்ப்பாடு தெரியாது என்கிறீர்களா?

ஹூஸ்டன் மாமா:
தூக்கம் போனதற்கு வருந்துகிறேன். கணக்கு இதோ. 350ஐ 6000 சுற்றால் பெருக்கி, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை குடிப்பதையும் சேர்த்துக் கன அடியாக்க 3456ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு 607 சொச்சம் கன அடி காற்று. எந்தத் தெரு இன்ஜினும் சிலிண்டரை முழுதாக நிரப்பிக்கொள்வதில்லை. 85 சதவீதம் என்று வைத்தால் 516. ஐந்நூற்றுப் பதினாறு! 600 வாங்கினாலே மிச்சம் இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிவைத்தது சும்மா இல்லை தம்பி.

சாம்பல் கமாரோ:
வணக்கம். இங்கே புதியவன். என்னிடம் 1969 கமாரோ இருக்கிறது. 350, கம்பெனி கேம், ஆட்டோமேட்டிக், பின் அச்சுப் பல்விகிதம் 3.08. மேனிஃபோல்டு மாற்ற வேண்டும். எடல்பிராக் பெர்ஃபார்மரா, பெர்ஃபார்மர் ஆர்பிஎம்மா? உயரமானதை வைத்தால் ஹூட் மூடுமா?

நான்குகுழல்:
அளந்து போடும் வேலையைத்தான் வேக்குவம் செகண்டரி செய்கிறது மாமா! இன்ஜின் இழுத்தால்தான் கார்புரேட்டரின் நான்கு குழல்களில் பின்னிரண்டும் திறக்கும். இழுக்காவிட்டால் மூடியே கிடக்கும். இன்னொன்றையும் வசதியாக மறந்துவிட்டீர்கள். சிலிண்டர்கள் எரியும் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் இரட்டைத் தள மேனிஃபோல்டின் இரண்டு பாதிகளும் மாறி மாறி இழுக்கின்றன. நடுவில் சுவர். ஆக ஒரு சிலிண்டரின் கண்ணுக்குத் தெரிவது இரண்டு குழல்கள் மட்டுமே. 750இல் பாதி 375. இதையா பெரிது என்கிறீர்கள்? சரி, இதெல்லாம் வேண்டாம். 1970, எல்டி-1, 780. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

விக்டர் வீரன்:
சுவர் எதற்கு? ஒற்றைத் தளம் வையுங்கள், எட்டு சிலிண்டரும் நான்கு குழலையும் பார்க்கும். என் வண்டி 7000 சுற்றில் பாடுகிறது.

ஹூஸ்டன் மாமா:
வீரன், உங்கள் வண்டி 3000க்குக் கீழே என்ன பாடுகிறது என்பதைப் போன கோடையில் உட்டுவர்டு சாலையில் நானே கேட்டேன். சிக்னலுக்குச் சிக்னல் இருமியது.
நான்குகுழல் தம்பிக்கு: எல்டி-1இல் அமுக்க விகிதம் 11க்கு 1. வால்வைத் தள்ளுவது உயர் சுற்றுக்கான சாலிட் லிஃப்டர். அது பந்தயத்துக்குப் பிறந்த பிள்ளை. இந்தப் புதியவரின் வண்டி ஆட்டோமேட்டிக். அதில் 750 வைத்தால் கீழ்ச் சுற்றில் காற்று சோம்பி நகரும், பெட்ரோல் பொடியாகச் சிதறாது, பச்சை விளக்கில் மிதித்ததும் ஒரு விக்கல். 516.

நான்குகுழல்:
1970 கமாரோ இசட்28இலும் அதே எல்டி-1தான், அதே 780தான். அது ஆட்டோமேட்டிக்கிலும் விற்பனையானது. தெரியாது இல்லையா? 1969இல் எதிர் வீட்டுக்காரன் ஃபோர்டு தன் பாஸ் 302இல் வைத்ததும் ஹாலி 780. 302! உங்கள் வாய்ப்பாட்டில் போட்டால் 450கூட வராது. எதிர் வீடும் எனக்குத்தான் சாட்சி சொல்கிறது.
அப்புறம், எனக்கு வயது 58. தம்பி என்று அழைப்பதை நிறுத்திக்கொள்ளவும்.

ஹூஸ்டன் மாமா:
அந்த இசட்28இன் பின் அச்சு 3.73, இன்ஜின் வேகமாகச் சுழலும் என்பதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள், தம்பி?

சாம்பல் கமாரோ:
என் வண்டியில் 3.08. ஹூட் விஷயம்?

சோலெக்ஸ் பேரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இருவரும் இரண்டு வெவ்வேறு எண்களை ஒன்றாக நினைத்துக்கொண்டு சண்டையிடுகிறீர்கள். 516 என்பது நிமிடத்துக்கு இன்ஜின் குடிக்கும் கன அடி. 600, 750 என்பவை ஒன்றரை அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டில் கார்புரேட்டர் எவ்வளவு விடும் என்று அளந்த எண்கள். இரு குழல் கார்புரேட்டரை மூன்று அங்குலத்தில் அளப்பார்கள். முதலில் 'தெரு வண்டி' என்றால் என்ன, எத்தனை சுற்று வரை ஓட்டுவோம் என்று முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீரும்.
கமாரோ தம்பிக்கு: பெர்ஃபார்மர் மூச்சுவிடுவது ஐடிலிலிருந்து 5500 சுற்று வரை, ஆர்பிஎம் 1500 முதல் 6500 வரை. 3.08 அச்சுக்கு முதலாவதே பொருந்தும். இருந்தாலும் ஆர்பிஎம்தான் வேண்டுமென்றால், உயர வித்தியாசத்துக்குச் சமமான மரக்கட்டையை ஏர் கிளீனருக்கு அடியில் கொடுத்து, மேலே நான்கு இடத்தில் களிமண் உருண்டை வைத்து ஹூட்டை மெதுவாக இறக்கித் திறந்து பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்களுக்கு மிஞ்சும் இடம்.

ஹூஸ்டன் மாமா:
அழகாக விளக்கினீர்கள் பேரன். ஆக 516 என்று நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள்.

நான்குகுழல்:
600ஐ அளப்பதே வேறு கணக்கு என்கிறார், அது உங்கள் காதில் விழவில்லை. 780.

ஸ்கார்பரோ தம்பி:
அண்ணைமாரே, நான் வந்த புதிதில் ஓட்டிய பழைய கேப்ரிஸில் 305 இன்ஜின், மேலே குவாட்ராஜெட் கார்புரேட்டர். அது 750 வகை. முன் குழல்கள் ஒன்றரை அங்குலம்கூட இல்லை, பின் குழல்கள் இரண்டேகால் அங்குலம். மளிகைச் சாமான் ஏற்றி ஐந்து ஆண்டு ஓட்டினேன். விக்கலும் இல்லை, தும்மலும் இல்லை.

நான்குகுழல்:
கேட்டீர்களா மாமா? மளிகைச் சாமான்! 305! 750!

ஹூஸ்டன் மாமா:
குவாட்ராஜெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி? அதன் முன் குழல் சிறிது. நான் சொல்வதே அதுதான். ஸ்கார்பரோ தம்பி என் பக்கம் பேசியிருக்கிறார்.

நான்குகுழல்:
எல்லோரும் உங்கள் பக்கம்தான். ஒன்று கேட்கிறேன், சபை சாட்சியாகப் பதில் சொல்லுங்கள். மூன்று ஆண்டுக்கு முன் எனக்கு ஒரு பழைய ஹாலி 3310 கார்புரேட்டர் விற்றீர்களே, அது எத்தனை? 750! ஜம்பம் என்று இன்று பேசுபவர் அன்று எந்த இன்ஜினில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்? 350! 'அதிகம் ஓடவில்லை' என்று சொல்லிக் கொடுத்தீர்கள். மிதவைக் கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே கோயில் குளம் போல் பச்சை. பெட்ரோலை அளந்து விடும் இரண்டு ஜெட்டை ஊசியால் குத்தித் திறந்தேன்.

ஹூஸ்டன் மாமா:
ஒத்துவராததால்தானே விற்றேன்! அனுபவித்துச் சொல்பவனை நம்பாமல் யாரை நம்புவீர்கள்? பேசிப் பேசி 40 டாலர் குறைத்து வாங்கிய கதையையும் சபைக்குச் சொல்லுங்கள். ஜெட்டை ஊசியால் குத்துகிறவர் எனக்குக் கார்புரேட்டர் பாடம் எடுக்கிறார். துளை பெரிதாகிவிடும் என்பதுகூடத் தெரியவில்லை.

விக்டர் வீரன்:
ஒற்றைத் தளம் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

சோலெக்ஸ் பேரன்:
இன்று காலை என் செவர்லே நோவா காரில் சோதித்தேன். 350, ஆர்பிஎம் மேனிஃபோல்டு, 750 வேக்குவம். பின் குழல்களைத் திறக்கும் செகண்டரி டயாஃப்ரம் தண்டில் ஒரு காகிதக் கிளிப்பை மாட்டி, மேலே கூட்டின் அடியோடு ஒட்டினாற்போல் தள்ளி வைத்தேன். தண்டு மேலே ஏறும்போது கூடு கிளிப்பைக் கீழே தள்ளிவிடும், தண்டு திரும்பி இறங்கினாலும் கிளிப் தள்ளிய இடத்திலேயே நிற்கும். நெடுஞ்சாலைக்கு ஏறும் சாய்வில் இரண்டாம் கியரில் அடிவரை மிதித்து 5500 வரை விட்டேன். இறங்கிப் பார்த்தால் கிளிப் ஏறக்குறையப் பாதித் தூரம் இறங்கியிருந்தது.

ஹூஸ்டன் மாமா:
முடிந்தது! முன் குழல்கள் 375, பின் குழல்களில் பாதி 187. கூட்டினால் 562. 600க்கு உள்ளே! மீதியைக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

நான்குகுழல்:
முடிந்தது! தேவைப்பட்ட அளவு திறந்தது, மீதி மூடிக்கொண்டது. பெரிதாக வைத்ததால் என்ன கெட்டது? பேரன், விக்கல் வந்ததா? வரவில்லை! தகடு பாதி திறந்தால் காற்றும் பாதிதான் போகும் என்று எந்த வாய்ப்பாட்டில் இருக்கிறது மாமா? ஸ்பிரிங்கை இளக்கமானதாக மாற்றினால் கிளிப் இன்னும் இறங்கும். 1970இல் அதனால்தான் 780 வைத்தார்கள்.

சோலெக்ஸ் பேரன்:
விக்கல் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு...

ஹூஸ்டன் மாமா:
பேரன், உங்கள் வண்டியின் பின் அச்சு எத்தனை?

சாம்பல் கமாரோ:
சோலெக்ஸ் அண்ணா, நீங்கள் சொன்னபடியே கட்டை கொடுத்துக் களிமண் வைத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் வெற்றிலை அளவுக்கு நசுங்கிவிட்டது. பெர்ஃபார்மருக்கே பணம் கட்டிவிட்டேன். கார்புரேட்டர்தான் இன்னும் முடிவாகவில்லை.

நான்குகுழல்:
750 வாங்குங்கள். மாமாவிடம் மட்டும் வாங்காதீர்கள்.

ஹூஸ்டன் மாமா:
600. அந்த 40 டாலரை நான் இன்னும் மறக்கவில்லை, தம்பி.