முகத்துக்கு வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் அப்படியே தடவலாமா?

மஞ்சக்குப்பம் கவி:
கடலூர்ல இருந்து தினம் ஸ்கூட்டில பாண்டிக்கு வேலைக்குப் போறேன், வெயில்ல கன்னம் ரெண்டும் கருத்துப் போச்சு, பழைய பரு தழும்பும் இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா வைட்டமின் ஈ 400 கேப்ஸ்யூல ஊசியால குத்தி ராத்திரி தடவிட்டுப் படு, எல்லாம் போயிடும்னு சொல்றாங்க. எனக்கு எண்ணெய் வழியிற முகம். க்ரீம் டப்பாலயும் டோகோபெரில் அசிடேட்னு போட்டிருக்கே, ரெண்டும் ஒண்ணுதானா?

கோரிமேடு சுபா:
மெடிக்கல்ல வேலை பாக்கறேன்மா. கேப்ஸ்யூல் அட்டைய திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் அதுலயும் அசிடேட்னுதான் இருக்கும். சும்மா டோகோபெரால், அதாவது நேரடி வைட்டமின் ஈ, காத்து வெளிச்சம் பட்டா கெட்டுப்போகும், அசிடேட் சீக்கிரம் கெடாது, ஆனா தோலுக்குள்ள போயி அது டோகோபெராலா மாறினாதான் வேலை செய்யும், அது முழுசா மாறாது. அளவுதான் பெரிய வித்தியாசம், க்ரீம்ல கொஞ்சமாதான் கலப்பாங்க, கேப்ஸ்யூல் கெட்டியான எண்ணெய், பரு வர்ற முகத்துல ராத்திரி பூரா பூசி வெச்சா இன்னும் பருதான் கிளம்பும். தயவுசெஞ்சு வேணாம்.

வில்லியனூர் பாலா:
தழும்பு போகும்ங்கறத நம்பாதீங்க. 1999ல மயாமி யுனிவர்சிட்டில ஆபரேஷன் தழும்புல பாதிக்கு வைட்டமின் ஈ கலந்த களிம்பும் மீதிக்கு வெறும் களிம்பும் போட்டுப் பாத்தாங்க, பெரும்பாலானவங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல, இல்லன்னா இன்னும் மோசம், மூணுல ஒருத்தருக்கு அரிப்பு தடிப்பு வேற. அது பரு தழும்பு இல்லதான், இருந்தாலும் யோசிங்க. வைட்டமின் ஈயோட நெஜமான வேலை வெயில்னால தோல்ல இருக்கிற கொழுப்பு கெடாம தடுக்கறது. அப்படித் தடுக்கும்போது அதுவே தீந்து போகும், வைட்டமின் சி தான் அத திரும்ப தயார் பண்ணும், அதனாலதான் முகத்துல பூசற சீரத்துல சி 15%, ஈ 1%, அது ரெண்டும் சீக்கிரம் கெடாம இருக்க ஃபெருலிக் ஆசிட் 0.5%னு சேத்து விக்கிறாங்க. காலைல அது, மேல சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீன் இல்லாம இந்த ஈசிஆர் வெயில்ல எது போட்டும் பிரயோஜனமில்ல, துப்பட்டாவும் கட்டிக்குங்க.

நெல்லிக்குப்பம் ராணி:
எங்க அம்மா குதிகால் வெடிப்புக்கு அந்தக் கேப்ஸ்யூல் தடவுவாங்க, அங்க நல்லா மெதுவாகுது, வறண்ட எடத்துக்கு ஓகே. மொகத்துக்குன்னா எது வாங்கினாலும் மொதல்ல முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ரெண்டு மூணு நாள் பாத்துட்டுப் போடுங்க.

மஞ்சக்குப்பம் கவி:
ரொம்ப தேங்க்ஸ்க்கா, பாலாண்ணா உங்களுக்கும். கேப்ஸ்யூல் வேணாம், சன்ஸ்கிரீன்ல ஆரம்பிக்கறேன். தழும்புக்கு ஜிப்மர் ஸ்கின் ஓபில காட்டலாம்னு இருக்கேன்.

கோரிமேடு சுபா:
காட்டுங்கம்மா, இப்ப போடற க்ரீம் டப்பாவையும் எடுத்துட்டுப் போங்க.