பழைய விசிஆரில் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பதிவுசெய்வது எப்படி?

கேள்வி:
என்னிடம் நல்ல நிலையில் ஒரு விஎச்எஸ் விசிஆர் (வீடியோ கேசட் நாடாவில் பதிவுசெய்யும் கருவி) இருக்கிறது. ஆன்டெனா கம்பியை அதில் நேராகச் செருகினால் எல்லாச் சேனலிலும் புள்ளிகளும் இரைச்சலுமே வருகின்றன. இன்றைய ஒளிபரப்பை இதில் பதிவுசெய்ய வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. விசிஆரின் டியூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) பழைய அனலாக் அலையை மட்டுமே ஏற்கும், டிஜிட்டலை ஏற்காது என்பதால் இடையில் ஒரு செட்டாப் பாக்ஸ் வேண்டும். பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கம்பிகளை விசிஆரின் உள்ளீட்டில் செருகி, சேனல் எண்ணுக்குப் பதிலாக ‘லைன்’ அல்லது ‘ஏவி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டைமர் வைத்தாலும் விசிஆரால் பாக்ஸின் சேனலை மாற்ற இயலாது. ஆகவே பாக்ஸ் உரிய சேனலில் முன்பே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

மறுமொழி 2:
பாக்ஸில் ஏவி இணைப்பு இல்லாமல், புதிய டிவிகளுக்கான எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால், அதை ஏவியாக மாற்றும் கன்வர்ட்டர் தேவை (எதிர்த்திசையில் மாற்றுவதும் அதே தோற்றத்தில் விற்கப்படுகிறது, கவனம்). பாக்ஸில் பட அளவை 4:3 லெட்டர்பாக்ஸ் (அகலப் படத்தை மேலும் கீழும் கறுப்புப் பட்டையுடன் காட்டும் முறை) என வையுங்கள். இல்லையேல் முகங்கள் ஒடுங்கி நீளக்கூடும். விஎச்எஸ் நாடாவின் கிடைமட்டத் தெளிவு ஏறத்தாழ 240 வரிகளே என்பதால், திரையடியில் ஓடும் சிறிய எழுத்துகள் மங்கும்.

மறுமொழி 3:
பதிவில் படம் மாறிமாறி வெளுத்துக் கருத்தால், கம்பியை மட்டும் சந்தேகிக்க வேண்டாம். பதிவாகும் சமிக்ஞையின் வலிமையை விசிஆர் தானே சரிசெய்துகொள்ளும் மின்சுற்றைக் குழப்புவதற்கென்றே சில பாக்ஸ்கள் நகல்தடுப்புச் சமிக்ஞையைச் சேர்க்கின்றன.