சோலார் வேலி போட்டும் யானை ஏன் உள்ளே வருகிறது?

சோலார் வேலி பயன்படவில்லை என்பவர்கள் முதலில் எர்த்தைப் பாருங்கள். மின்சாரம் யானையின் உடல் வழியாக மண்ணில் இறங்கி, மண்ணில் அடித்த எர்த் ராடு (இரும்புக் கம்பி) வழியே எனர்ஜைசருக்கு, அதாவது கம்பிக்கு மின்துடிப்பு அனுப்பும் பெட்டிக்கு, திரும்பினால்தான் ஷாக். பங்குனியில் மண் காய்ந்ததும் அந்த வழி அடைபட்டுவிடும். 6 அடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு குறைந்தது மூன்று, 10 அடி இடைவெளியில், ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து அடியுங்கள்.

சோதனை இப்படி: வேலியை அணைத்து, எர்த் ராடுகளிலிருந்து 100 மீட்டர் தள்ளி இரண்டு மூன்று இரும்புக் கம்பிகளை மண்ணில் ஊன்றி வேலிக் கம்பியில் சாய்த்து வையுங்கள். திரும்பப் போட்டால் வேலியின் மின்னழுத்தம் 2 கிலோவோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். அப்போது வேலி வோல்ட்மீட்டரின் ஒரு முனையைக் கடைசி ராடிலும், மறுமுனையை ஒரு மீட்டர் தள்ளி மண்ணிலும் வைத்தால் 0.3 கிலோவோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இன்னும் ஒரு ராடு அடிக்க வேண்டியதுதான்.

*

மேலே சொன்ன எர்த்தோடு தூணையும் கவனிக்க வேண்டும். கொம்பன் தும்பிக்கை நுனியைக் கம்பிக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தி மோப்பம் பிடிக்கும், தொடாது. பிறகு தந்தத்தைக் கம்பிக்கு அடியில் கொடுத்து இழுக்கும். தந்தத்தில் மின்சாரம் பாயாது. தந்தமில்லாதவை தடித்த உள்ளங்காலால் தூணை மிதித்துச் சாய்க்கும், இல்லையென்றால் பக்கத்து மரத்தைக் கம்பிமேல் தள்ளும். அதனால் இன்சுலேட்டர் வைத்துத் தூணைச் சுற்றியும் மின்சாரம் ஓடும் (லைவ்) கம்பி ஓட வேண்டும். வேலிமேல் விழக்கூடிய மரம் நின்றால் அந்த இடத்தில் வேலியை உள்தள்ளிப் போடுவதே மேல்.

வசதி இருந்தால் தொங்கு வேலி நல்லது. உயரத்தில் ஓடும் கம்பியிலிருந்து மெல்லிய கம்பிகள் தரைக்கு 3 அடி மேல்வரை தொங்கும். புல் உரசி மின்சாரம் கசிவதும் குறையும்.

*

பேட்டரி தேயும் என்று பகலில் அணைத்து வைக்காதீர்கள். செத்த கம்பியை யானை ஒருமுறை கண்டுகொண்டால் அடுத்தும் அங்கேயே வரும். மழைக்குப் பின் உண்ணிச்செடியை இருபுறமும் வெட்டுங்கள். பராமரிப்புக்கு ஆள் இல்லாத வேலி ஒரு பருவம்கூடத் தாங்காது. இலங்கையில் விவசாயிகளே வயலைச் சுற்றிப் பயிர்க்காலத்துக்கு மட்டும் வேலி கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடும் முறை இருக்கிறது. கம்பி அவரவர் கண்முன் இருப்பதால் பழுது உடனே தெரிகிறது.

வீட்டு லைனை ஒருபோதும் கம்பியில் கொடுக்காதீர்கள். எனர்ஜைசர் நொடிக்கு ஏறக்குறைய ஒரு முறை, கண நேரம்தான் அடிக்கும், யானை விலகிவிடலாம். வீட்டு லைன் விடாமல் பாயும். தருமபுரி மாரண்டஹள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று யானைகள் செத்தது அப்படி மின்சாரம் கொடுத்த வேலியில்தான். மனிதரும் சாகிறார்கள்.

யானை உள்ளே வந்துவிட்டால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, காட்டுப் பக்க வேலியை அணைத்துக் கம்பியை இறக்கி வழி விடுங்கள். நான்கு பக்கமும் ஆள் நின்று வெடி போட்டால் குட்டியோடு வந்த கூட்டம் ஆட்கள் மேல்தான் திரும்பும்.